பழைய போதகர் இல்லத்தை விடுதியாக்கலாமா?

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள ஒரு தமிழ்ச் சபையின் செயலாளராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு ஏறத்தாழ 120 பேர் வருகிறார்கள். சபை வளாகத்தின் பின்புறம் இருக்கும் பழைய போதகர் இல்லம் இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கட்டட நிதியில் 40,000 வெள்ளி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வீட்டுப் பிரச்சினையால் தவிப்பவர்கள் பலர். மூன்று மாத வாடகை பாக்கிக்காக ஒரு பெண்ணின் வீட்டுப் பூட்டை வீட்டுக்காரர் மாற்றிவிட்டார். அவரும் மூன்று பிள்ளைகளும் அவருடைய அக்காள் வீட்டுக் கூடத்தில் படுக்கிறார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பிளாட் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் உறங்குகிறார். போதகர் இல்லத்தை விடுதியாக்க வேண்டும் என்று சபையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மற்றவர்களோ, இது நம் வேலையில்லை, சட்டச் சிக்கல் வரும், அதிலும் அக்கம்பக்கத்தார் பலர் முஸ்லிம்கள் என்று தயங்குகிறார்கள். நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

உங்கள் சபையின் விவாதம் முடியும்வரை அந்தத் தாயும் பிள்ளைகளும் காத்திருக்க முடியாது என்பதால், அவரைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். வாடகை பாக்கி இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர் தாமாகவே பூட்டை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவின்படி, வாடகை ஒப்பந்தம் முடிவுக்கு வந்துவிட்ட பிறகும் குடியிருப்பவர் வெளியேறாமல் இருந்தால், உரிமையாளர் நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வீட்டைத் திரும்பப் பெற முடியும். அந்தப் பெண் முதலில் போலீஸ் புகார் ஒன்று செய்துவைக்க வேண்டும். இது சிவில் விவகாரம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று நிலையத்தில் சொல்வார்கள், சொல்லட்டும். புகாரின் நகல் பின்னால் வழக்கறிஞருக்குப் பயன்படும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் வருமானத்தைப் பார்த்து உதவுகின்றன. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றின் நகல்களோடு சபையிலிருந்து ஒருவர் அவருடன் போவது நல்லது, ஏனெனில் தனியாகப் போகிறவர்கள் பலர் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி போவதில்லை.

உரிமையைச் சொல்லும்போது கடனையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் முறைப்படி முடிந்த பிறகும் தங்கியிருப்பவரிடம் இரட்டை வாடகை கோருவதற்கு 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் உரிமையாளருக்கு இடமளிக்கிறது. 12 மாதம் வரையிலான பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்று வீட்டிலுள்ள பொருள்களை ஜப்தி செய்யவும் 1951ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே முடிந்தால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று சவால் விடுவதால் அந்தப் பெண்ணுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் சபையில் வயதிலும் பேச்சிலும் நிதானமான இருவர் வீட்டுக்காரரைச் சந்தித்து, பாக்கியை எத்தனை தவணையில், எந்தத் தேதிகளில் கட்டுவது என்று எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளட்டும். அந்த வீட்டுக்கும் அவர் மாதாமாதம் வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கலாம். என் அனுபவத்தில், வழக்கு நடத்த ஆசைப்படும் வீட்டுக்காரரைவிட வாடகை வந்தால் போதும் என்றிருக்கும் வீட்டுக்காரர்களே அதிகம்.

இனி உங்கள் பொதுக் கேள்விக்கு வருகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். வாடகை, குடியிருப்பு வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞன். கோயில் நிர்வாகத்தார் சிலர் இதே கேள்வியோடு வந்தபோது சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: விடுதியிலிருந்து தொடங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் காலி வீட்டைவிட, 40,000 வெள்ளியைவிடப் பெரிய சொத்து ஒன்று உங்கள் சபையிடம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் உங்கள் பெயருக்கு நம்பகம் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு இல்லாமல் போவது பெரும்பாலும் அதுதான்.

என்னிடம் வரும் குடும்பங்களில் பல, மாத வாடகையை எப்படியோ கட்டிவிடக்கூடியவை. வீட்டுக்குள் நுழைவதற்கான முதல் தொகையைப் புரட்ட முடியாமல்தான் தடுமாறுகின்றன. கோலாலம்பூர் வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, அரை மாத வாடகை தண்ணீர் மின்சாரத்துக்கான வைப்புத்தொகை, அத்துடன் முதல் மாத வாடகை ஆகியவற்றைச் சாவி வாங்கும் நாளிலேயே கொடுக்க வேண்டும். 900 வெள்ளி வாடகையுள்ள சாதாரணப் பிளாட்டுக்கு இது 3,150 வெள்ளி. 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வாங்குகிற ஒருவர் இரண்டு மாதம் சாப்பிடாமல் இருந்தால்தான் அந்தத் தொகையைச் சேர்க்க முடியும். இந்த இடத்தில்தான் ஆ லோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரரிடம் போகிறார்கள், அல்லது உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொள்கிறார்கள். பணம் தயாராக இருந்தாலும் இந்தியர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று விளம்பரத்திலேயே எழுதுகிற வீட்டுக்காரர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்படி எழுதுவதைத் தடுக்கும் வாடகைக் குடியிருப்புச் சட்டம் நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேச்சளவிலேயே இருந்துவருகிறது.

அந்த வாசலில் உங்கள் சபை நிற்கலாம். முதல் மாத வாடகையைக் குடும்பமே கட்டட்டும். மீதமுள்ள இரண்டரை மாத வைப்புத்தொகையை, மேற்சொன்ன கணக்கில் 2,250 வெள்ளியை, சபை நேராக வீட்டுக்காரரிடம் செலுத்தட்டும். வாடகை முடியும்போது அந்தத் தொகை சபைக்கே திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வைப்புத்தொகை செலவல்ல, ஓரிடத்தில் தங்கியிருக்கும் பணம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் 40,000 வெள்ளி ஒரே நேரத்தில் 17 குடும்பங்களுக்குத் தாங்கும். அதே பணத்தில் விடுதி தொடங்கினால் மெத்தை, கட்டில், குளியலறைப் பழுது, இரவுக் காவல் என்று ஓராண்டுக்குள் கரைந்துவிடும். குடும்பத்தால் முடிந்தால் மாதம் ஐம்பதோ நூறோ கட்டி அந்த வைப்புத்தொகையைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அதற்கு வட்டியோ, சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஒரு சிறு தொகையோ வாங்க வேண்டாம். உரிமமில்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பது 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடன் சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தில் தொடங்கிய சங்கங்கள் ஐந்து வெள்ளிக் கட்டணத்தால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டைச் சொன்னவுடன் உங்கள் மூப்பர்களில் ஒருவர் எழுந்து, பிறனுக்காகப் பிணைப்படாதே என்று வேதம் எச்சரிக்கிறதே என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். எத்தனையோ குடும்பங்கள் மைத்துனருக்காக வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் திவாலானதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அளவில்லாத பிணை வேண்டாம் என்கிறேன். சபையின் பொறுப்பு இத்தனை வெள்ளி, இத்தனை மாதம், அதற்கு மேல் இல்லை என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிவிடுங்கள். மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் நல்ல சமாரியன் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அடிபட்டவனுக்கு அவன் புதிதாக வீடு கட்டித் தரவில்லை. ஏற்கெனவே இருந்த சத்திரத்துக்கு அழைத்துப் போனான், சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்தான், மேற்கொண்டு ஆகிற செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். வழக்கறிஞன் கண்ணுக்கு அது வைப்புத்தொகையும் உத்தரவாதமுமாகத்தான் தெரிகிறது.

சத்திரம் எங்கே என்று தேட நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 120 பேர் வருகிற சபையில், ஓய்வுக்கால வருமானத்துக்கு என்று இரண்டாவதாக ஒரு பிளாட் வாங்கிப் போட்டவர்கள் சிலராவது இருப்பார்கள். முந்தைய வாடகைக்காரர் செய்த சேதத்துக்குப் பயந்து அதைப் பூட்டியே வைத்திருப்பவர்களும் இருக்கலாம். அவர்களிடம் தியாகத்தை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மாதப் பாக்கி வரை சபை பொறுப்பேற்கும், மாதம் ஒருமுறை சபையின் சார்பில் ஒருவர் குடும்பத்தைப் பார்த்து வருவார் என்று உறுதி கொடுத்து, சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவான வாடகைக்குக் கேளுங்கள். வீட்டுக்காரரின் அச்சம் நீங்குவதே பாதி வேலை. ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. குடிபோகும் நாளில் சுவர், கதவு, குழாய், மின்விளக்கு என்று ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து இரு தரப்புக்கும் அனுப்பிவையுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பித் தர மறுக்கும் தகராறுகளில் பெரும்பாலானவை அந்தப் படங்களிலேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்கு 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம்.

உங்கள் சபையோ அதன் தலைமை அமைப்போ எங்காவது கடைவீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட்டிருந்தால், அங்கே குடியிருப்பவர்களின் நிலையையும் ஒருமுறை பாருங்கள். பினாங்கில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பர் இறுதியோடு முடிவுக்கு வந்தபோது, ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. அந்தக் கட்டடங்களில் சமய அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமானவையும் இருந்தன.

போதகர் இல்லத்தை என்ன செய்வது? பூட்டியே வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். நிலம் பெரும்பாலும் உங்கள் திருச்சபையின் தலைமை அறங்காவலர்கள் பெயரில் இருக்கும். அப்படியானால் உள்ளூர்ச் சபைக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்காது. பட்டாவில் எழுதியிருக்கும் பயன்பாட்டு நிபந்தனையையும் படிக்க வேண்டும். ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டில் இன்னொரு குடும்பம் குடியிருப்பது ஒன்று. கூடத்தில் பத்துக் கட்டில் போடுவது வேறு. இரண்டாவதற்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் மாநகர் மன்றத்தின் அனுமதியும் தீயணைப்புத் துறையின் சோதனையும் வேண்டிவரும். முதியவர்களையோ பிள்ளைகளையோ நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரித்தால், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் நடத்தப்படும் இல்லங்களைப் பற்றிப் பத்திரிகைச் செய்திகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அவற்றை நடத்துகிறவர்கள் பலர் தீயவர்கள் அல்லர், விண்ணப்பப் படிவத்தைத் தள்ளிப்போட்டவர்கள்.

ஆகவே என் யோசனை, தலைமை அமைப்பின் எழுத்து மூலமான இசைவைப் பெற்று, போதகர் இல்லத்தை ஒரே நேரத்தில் ஒரே குடும்பத்துக்கு ஆறு மாதம் மட்டும் கொடுப்பது. அதை வாடகையாகக் கருதாமல், தங்குவதற்கான அனுமதியாக எழுத்தில் கொடுங்கள். தேதி, தண்ணீர் மின்சாரக் கட்டணம், விருந்தினர் பற்றிய விதிகள் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு விடை, மேலே சொன்ன வைப்புத்தொகை நிதி. அந்த நிதி இல்லாமல் இந்த வீட்டைத் திறந்தால் முதல் குடும்பமே நிரந்தரக் குடும்பமாகிவிடும்; பிறகு பூட்டை மாற்ற வேண்டிய நிலை உங்களுக்கே வரும். கதவைத் திறக்கும் முன், மின்கம்பிகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்தொழிலாளர் ஒருவரைக் கொண்டு சோதித்துவிடுங்கள். சபையில் வயரிங் தெரிந்த தம்பி இருக்கிறான் என்பது போதாது.

போதகர் இல்லம் என்றதும் மனத்தில் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் சமூகத்தில் வேலையோடு ஒட்டிய வீட்டில் வாழ்ந்தவர்கள் அதிகம். தோட்டத்து லயன் வீடும், செந்தூலுக்கு நன்கு தெரிந்த ரயில்வே குவாட்டர்சும் வேலை முடிந்த அன்றே கைவிட்டுப் போயின. தோட்டங்கள் வீடமைப்பு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள்தான் புறம்போக்கு நிலங்களிலும், பிறகு தற்காலிக நீளவீடுகளிலும், அதன் பிறகு பிளாட்டுகளிலும் குடியேறினார்கள். போதகர்களின் நிலையும் இதுவே: பணிக்காலம் முழுதும் சபை கொடுத்த வீட்டில் இருந்துவிட்டு ஓய்வு பெறும்போது சொந்தக் கூரை இல்லாமல் போகிறவர்கள் உண்டு. உங்கள் சபையில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர்கள் இன்று எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வீட்டுத் தேவை மதிலுக்கு வெளியே மட்டும் இருப்பதாக நினைக்கிறவர்களுக்கு அது பதிலாக அமையலாம்.

முஸ்லிம் அண்டை வீட்டார் பற்றிய தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அதற்காக அவர்களை ஒதுக்கக் கூடாது. அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. செந்தூலிலிருந்து சிறிது தூரம் போனால் வந்துவிடும் சிலாங்கூரில் அதற்கென்று 1988ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டு உதவி பெறுகிறவரை ஆராதனைக்கு அழைப்பதோ, ஜெபத்தோடு படிவத்தைக் கொடுப்பதோ, உதவிப் பொருள்களோடு சமயத் துண்டறிக்கை வைப்பதோ கூடாது. இதை முஸ்லிம்களுக்கு மட்டுமான விதியாக வைக்காமல், இந்துக்களுக்கும் பிறருக்கும் சேர்த்தே வையுங்கள் என்று ஓர் இந்துவாக நான் கேட்டுக்கொள்வேன். தலைக்கு மேல் கூரை இல்லாதவரிடம் எதைச் சொன்னாலும் அவர் தலையாட்டுவார். உதவி மேசையை ஆலயத்துக்குள் போடாமல் ருக்குன் தெத்தாங்கா எனப்படும் அண்டை அயலார் சங்கத்தின் அறையிலோ பிளாட்டின் கீழ்த்தளப் பொது மண்டபத்திலோ போடுங்கள். முஸ்லிம் குடும்பம் ஒன்று வந்தால், விரும்பினால் ஜகாத் உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்; பக்கத்து சூராவ் (சிறு தொழுகை இல்லம்) நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே போய் நீங்கள் செய்யப்போவது இன்னதென்று பேசிவிட்டால் சந்தேகம் எழுமுன் தீரும்.

அந்த மேசையில் அதிகம் நடக்கப்போவது படிவம் நிரப்பும் வேலைதான். மாநகர் மன்றத்தின் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளுக்குப் பல ஆண்டுகளாக மாத வாடகை 124 வெள்ளி. வெளியே 900 கொடுக்கும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பட்டியலில் இருப்பவர் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டு, அழைப்பு வந்ததே தெரியாமல் போவதுண்டு. யார் எப்போது விண்ணப்பித்தார், எந்த எண் கொடுத்தார் என்று ஒரு நோட்டுப்புத்தகம் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தாலே பெரிய உதவி. அடையாள அட்டை நகல் வாங்கினால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக வாங்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடனில் மூழ்கியவர்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்துக்கு அனுப்பலாம், ஆலோசனைக்குக் கட்டணமில்லை. சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் கிரேப் ஓட்டுநர்களும் சொந்த வீடு வாங்க நினைத்தால், வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் தரும் எஸ்.ஜே.கே.பி. திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இதையெல்லாம் சொல்லித் தருவதற்கு ஓய்வு பெற்ற அரசு ஊழியர் இருவர் போதும்.

மாடிப்படிக்கு அடியில் உறங்கும் பெரியவரின் கதை வேறு. சிவப்பு அடையாள அட்டை என்றால் அவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர்; மக்கள் வீடமைப்புத் திட்டத்துக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 எண்ணுக்கு அழைத்து அவர் நிலையைப் பதிவு செய்யுங்கள். மாநகரில் வீடற்றவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடங்களும் இருக்கின்றன, ஆனால் அவை நீண்ட காலத்துக்கு உரியவை அல்ல. அவருக்குத் தேவை ஒரு தனி அறை, முழு வீடு அல்ல. உங்கள் சபையில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட தம்பதியர் யாராவது இருந்தால், ஒரு சிறு வாடகைக்கு அறை தர இசைவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அறை வாடகைக்கு வைப்புத்தொகையும் குறைவு. இதற்கிடையே, இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவின் கீழ்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்; கடந்த 12 ஆண்டில் 10 ஆண்டுகள் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும், மலாய் மொழி போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிப் பதிவு, பெற்றோரின் மரணச் சான்றிதழ் என்று எது கிடைத்தாலும் எறிந்துவிடாமல் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டு, குடியுரிமை ஆவண வழக்குகளில் அனுபவமுள்ள டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா அமைப்பை அணுகுங்கள். தேசியப் பதிவு இலாகாவின் நேர்காணலுக்கு முன் அவருக்கு மலாய் பேச்சுப் பயிற்சி தேவைப்படலாம். உங்கள் சபையில் ஓய்வு பெற்ற தேசியப்பள்ளி ஆசிரியை ஒருவராவது இருப்பார். வாரத்தில் இரண்டு மாலை அவரைக் கேட்டுப் பாருங்கள்.